பதவி உயர்வா, வேலைநேரக் குறைப்பா? இரு பிள்ளைகளின் தாயாக ஒரு கேள்வி

மாலைவெயில் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு எட்டு வயதில் ஒரு மகளும் மூன்று வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். நானும் கணவரும் முழுநேர வேலையில் இருக்கிறோம். என் அலுவலகத்தில் இப்போது இரண்டு வாய்ப்புகள் ஒரே சமயத்தில் வந்து நிற்கின்றன. ஒன்று, எங்கள் குழுவின் தலைமைப் பொறுப்பு. சம்பளம் கூடும்; எந்த நேரத்தில் அழைப்பு வரும் என்று சொல்ல முடியாத நிலையும் கூடவே வரும். மற்றொன்று, சில மாதங்களுக்கு முன் நானே கேட்டு வைத்திருந்தது: வாரத்தில் நான்கு நாள் வேலை, சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இந்த மாத இறுதிக்குள் எது வேண்டும் என்று சொல்லிவிடுமாறு மேலாளர் கேட்டிருக்கிறார்.

பிள்ளைகளுக்கு இப்போதுதான் அம்மா தேவை, பணத்தை அப்புறம் சம்பாதித்துக்கொள்ளலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். இதை விட்டால் இன்னொரு வாய்ப்பு வராது என்று அலுவலகத் தோழிகள் சொல்கிறார்கள். என் கணவரிடம் இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை என்பதையும் போகிற போக்கில் குறிப்பிட்டுவிடுகிறேன்.

அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது, மகனைக் காப்பகத்திலிருந்து அழைத்து வருவது எல்லாவற்றிலும் அவருக்குச் சரிபாதிப் பங்கு உண்டு. ஆனாலும், படுத்த பிறகு, மறுநாள் மகளுக்கு வரைபடத் தாள் தேவை என்பது எனக்குத்தான் நினைவுக்கு வருகிறது. மகனுக்கு அடுத்த தடுப்பூசி எப்போது, காலணி சிறிதாகிவிட்டதா என்பதும் என் தலையில்தான் ஓடுகிறது. இதைச் சொன்னால், "நீ சொன்னால் நான் செய்துவிடப் போகிறேன்" என்கிறார். உண்மைதான், சொன்னால் செய்துவிடுகிறார். வேலைகளைப் பாதியாகப் பிரித்த பிறகும் களைப்பு மட்டும் ஏன் பாதியாகவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

வாரத்தில் ஒரு நாள் கூடுதலாக வீட்டில் இருந்தால் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே நன்மை உண்டா, நான்கு நாள் வேலை நடைமுறையில் நான்கு நாளாகவே இருக்குமா, இந்தக் களைப்புக்கு வேறு வழி உண்டா என்பதை, அனுபவமோ விவரமோ உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


படிக்கல் எழுதியது:

வணக்கம் சகோதரி. மழலையர் கல்வித் துறையில் நெடுங்காலம் பணிபுரிந்தவள் என்ற முறையில் உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். மற்றவற்றை அறிந்தவர்கள் எழுதட்டும்.

முந்தைய தலைமுறைத் தாய்மார்கள் பிள்ளைகளுடன் கூடுதல் நேரம் இருந்தார்கள், நாம்தான் குறைத்துவிட்டோம் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புகள் வேறு விதமாகச் சொல்கின்றன. மேற்கத்திய நாடுகள் 11-இன் தரவுகளை ஒப்பிட்டு 2016-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 1965-இல் ஒரு தாய் குழந்தை வளர்ப்பில் நாளொன்றுக்குச் செலவிட்ட நேரம் சராசரியாக 54 நிமிடம். 2012-இல் அது 104 நிமிடம். தந்தையரின் நேரம் 16 நிமிடத்திலிருந்து 59 நிமிடமாக உயர்ந்திருக்கிறது. வேலைக்குச் செல்லும் தாய்மார்களின் எண்ணிக்கை பெருகிய அதே காலத்தில்தான் இதுவும் நடந்திருக்கிறது. அந்தக் காலத்துத் தாய் நாள் முழுவதும் வீட்டில் இருந்தார் என்பது வேறு, நாள் முழுவதும் பிள்ளையுடன் இருந்தார் என்பது வேறு.

நேரத்தின் அளவு பிள்ளைகளை எவ்வளவு பாதிக்கிறது என்பதைச் சமூகவியலாளர் மெலிசா மில்கியும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். 3 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளிடத்தில், தாய் உடனிருக்கும் மணிநேரத்தின் எண்ணிக்கைக்கும், அவர்களுடைய நடத்தை, மனநிலை, படிப்பு ஆகியவற்றுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பு தென்படவில்லை. பதின்வயதில் நிலைமை சற்று மாறுகிறது. அந்த வயதில் தாய் ஈடுபாட்டுடன் செலவிடும் நேரம் கூடுதலாக இருந்தவர்களிடம் ஒழுங்கு மீறல்கள் குறைவாகக் காணப்பட்டன. சின்ன வயதில் வேலையை விட்டு வீட்டில் இருங்கள், பிள்ளை வளர்ந்ததும் திரும்பிப் போகலாம் என்ற வழக்கமான அறிவுரைக்கு இது நேர் எதிராக இருப்பதைக் கவனியுங்கள். இவையெல்லாம் சராசரிகள்தான், உங்கள் மகன் சராசரிக் குழந்தையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இருப்பினும், குற்ற உணர்ச்சியின் பேரில் மட்டும் ஒரு நாளைக் குறைத்துக்கொள்ள ஆராய்ச்சி உங்களை வற்புறுத்தவில்லை என்று துணிந்து சொல்வேன்.

காப்பகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1991-இல் பிறந்த 1,300-க்கும் மேற்பட்ட அமெரிக்கக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. தரமான காப்பகத்தில் வளர்ந்த குழந்தைகளின் மொழித்திறன் ஓரளவு மேம்பட்டிருந்தது; மிக நீண்ட நேரம் காப்பகத்தில் கழித்தவர்களிடம் முரண்டு பிடிக்கும் போக்கு சிறிதளவு கூடுதலாக இருந்தது. இந்த இரண்டையும்விட வீட்டின் தன்மையும், பெற்றோர் குழந்தையிடம் நடந்துகொள்ளும் விதமுமே பெரிய அளவில் வேறுபாட்டை உண்டாக்கின.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எலன் கலின்ஸ்கி என்ற ஆய்வாளர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், 1,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம், பெற்றோரின் வேலை உங்கள் வாழ்க்கையைப் பாதிக்கும் விதத்தில் ஒன்றை மட்டும் மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டார். தங்களுடன் கூடுதல் நேரம் இருக்க வேண்டும் என்றுதான் பிள்ளைகள் கேட்பார்கள் என்று பெற்றோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் நினைத்தார்கள். அப்படிக் கேட்ட பிள்ளைகள் குறைவு. அம்மாவும் அப்பாவும் இவ்வளவு களைப்பும் பதற்றமும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே அவர்கள் அதிகமாகக் கேட்டது.

ஆகவே, வாரத்தில் ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் அந்த நாளில் உங்கள் களைப்பு குறையுமா என்று முதலில் பாருங்கள். அந்த நாள் முழுவதும் சேர்ந்துபோன வீட்டு வேலைகளுக்கே போய்விடும் என்றால், பிள்ளைகளுக்கு அதனால் பெரிதாக எதுவும் கிடைக்கப் போவதில்லை.


அரைநாள்விடுப்பு எழுதியது:

நான் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். வேலைநேரக் குறைப்பு விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் பக்கத்தில் அமர்ந்திருப்பவன் என்பதால், அந்தப் பக்கத்திலிருந்து தெரிபவற்றைச் சொல்கிறேன்.

நான்கு நாள் வேலை என்று ஒப்புக்கொள்ளும்போது நாள் குறைகிறது, சம்பளம் குறைகிறது; வேலை குறைவதில்லை. ஐந்து நாள் வேலையை நான்கு நாளில் திணித்துச் செய்துவிட்டு, ஐந்தாம் நாளில் மின்னஞ்சலுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் பெண்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். நிறுவனத்துக்கு இதைவிட லாபமான ஏற்பாடு வேறு இருக்க முடியாது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த நாள் விடுமுறை என்பதல்ல. இப்போது என் கையில் உள்ள பொறுப்புகளில் எவை எவை, எந்தத் தேதியிலிருந்து, யாரிடம் போகின்றன என்பதுதான். அதற்குப் பெயர் குறிப்பிட்டுப் பதில் வரவில்லை என்றால், சம்பளத்தை மட்டும் விட்டுக்கொடுக்கப் போகிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு மதிப்பீட்டில் இலக்குகள் ஐந்தில் நான்காகக் குறைக்கப்படுமா, விடுப்பும் ஓய்வுக்காலப் பலன்களும் எந்த விகிதத்தில் கணக்கிடப்படும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, திரும்பி வரும் வழி. பகுதிநேரத்துக்குப் போனவர்கள் முழுநேரத்துக்குத் திரும்ப நினைக்கும்போது அந்த இடம் நிரம்பிவிட்டதாகச் சொல்லப்படுவது வழக்கம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1981-இல் குடும்பப் பொறுப்புள்ள தொழிலாளர்களுக்காகவும், 1994-இல் பகுதிநேரத் தொழிலாளர்களுக்காகவும் தனித்தனியே உடன்படிக்கைகளை ஏற்றது. இவற்றில் முதலாவது தாய்க்கு மட்டுமல்லாமல் ஆண் பெண் இருபாலருக்கும் பொருந்தும் என்பதை உங்கள் கணவரும் அறிந்துகொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் கொண்டுவந்த நெறியாணை இன்னும் ஒரு படி மேலே போகிறது: குறைந்தது எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோர், நெகிழ்வான வேலைநேரம் கேட்கலாம்; மறுத்தால் முதலாளி காரணம் சொல்ல வேண்டும்; ஒப்புக்கொண்ட காலம் முடிந்ததும் பழைய வேலைநேரத்துக்குத் திரும்பும் உரிமையும் உண்டு. இது எல்லா நாடுகளிலும் சட்டமாக இல்லை. ஆனால் சட்டம் இல்லாத இடத்திலும் இதே வாசகத்தை உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதிக் கேட்கலாம். கேட்டவர்களுக்குக் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

இனி பதவி உயர்வு. 2023-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், நீண்ட நேரத்தையும் எப்போது அழைத்தாலும் வரும் தயார்நிலையையும் கேட்டு, அதற்கு ஈடாக அளவுக்கு மீறிய ஊதியம் தரும் வேலைகளைப் பேராசை கொண்ட வேலைகள் என்று குறிப்பிடுகிறார். தம்பதியரில் ஒருவர் அத்தகைய வேலையில் இருந்தால் மற்றவர் வீட்டுக்காகத் தயார்நிலையில் இருக்க வேண்டியிருக்கிறது. அந்த மற்றவர் பெரும்பாலும் பெண்ணாகவே இருந்துவிடுகிறார். இதற்கு மாறாக அமெரிக்காவின் மருந்தாளுநர் தொழிலை அவர் எடுத்துக்காட்டுகிறார். அங்கே ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடரலாம், வாடிக்கையாளரின் விவரங்கள் கணினியில் இருக்கின்றன, அதனால் குறைந்த நேரம் வேலை செய்பவருக்கு ஒரு மணிநேரத்துக்கான ஊதியத்தில் பெரிய இழப்பு இல்லை.

இதை உங்கள் நிலைக்குப் பொருத்திப் பாருங்கள். குழுத் தலைவர் இல்லாத அன்று மாலை ஒரு சிக்கல் வந்தால், அதைத் தீர்க்க இன்னொருவருக்கு அதிகாரமும் விவரமும் உண்டா? உண்டு என்றால், அல்லது அப்படி ஒருவரை நியமிக்க உங்களை அனுமதிப்பார்கள் என்றால், பதவி உயர்வு உங்கள் வாழ்க்கையை இப்போதைவிட எளிதாக்கவும் கூடும், ஏனெனில் கூட்டம் எத்தனை மணிக்கு என்று தீர்மானிப்பவர் நீங்களாக இருப்பீர்கள். மாலை ஆறு மணிக்குக் கூட்டம் வைக்கும் மேலாளருக்குக் கீழே நான்கு நாள் வேலை செய்வதைவிட, நீங்களே அந்தக் கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு மாற்றிவிட்டு ஐந்து நாள் வேலை செய்வது மேல் என்பது என் கருத்து. இப்போது அந்தப் பொறுப்பில் இருப்பவர் சென்ற மாதம் எத்தனை மாலைகளில் அழைக்கப்பட்டார் என்று அவரிடமே கேட்டுவிடுங்கள், மேலாளரிடம் கேட்காதீர்கள்.


இரண்டாம்சாவி எழுதியது:

சகோதரி, "நீ சொன்னால் நான் செய்துவிடப் போகிறேன்" என்ற வாக்கியத்தைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

அலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 35 தம்பதியரிடம் நேர்காணல் நடத்தி 2019-இல் எழுதிய கட்டுரை, உங்கள் மூன்றாவது கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. வீட்டில் கண்ணுக்குத் தெரியாத மூளை உழைப்பை அவர் நான்கு கட்டங்களாகப் பிரிக்கிறார்: ஒரு தேவை வரப்போகிறது என்று முன்கூட்டி உணர்வது, அதற்கான வழிகளைத் தேடுவது, எது வேண்டும் என்று முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. இதில் முடிவெடுக்கும் கட்டத்தில் மட்டும் கணவன் மனைவி இருவரும் ஏறக்குறைய சமமாகப் பங்கெடுக்கிறார்கள். முதல் கட்டமும் கடைசிக் கட்டமும் பெரும்பாலும் பெண்களிடமே இருந்துவிடுகின்றன. முடிவெடுக்கும்போது உடனிருப்பதால்தான் நாங்கள் சமமாகப் பங்கெடுக்கிறோம் என்று ஆண்கள் மனதார நம்புகிறோம்.

அதனால் வேலைகளைப் பிரிப்பதை நிறுத்திவிட்டு, துறைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்பது என் ஆலோசனை. எங்கள் வீட்டில் பள்ளி முழுவதும் என்னுடையது. முழுவதும் என்றால், பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் நான் இருக்கிறேன், மனைவி இல்லை. கட்டணத்தின் கடைசித் தேதி, சீருடையின் அளவு, கையெழுத்திட வேண்டிய சீட்டு, வரைபடத் தாள் எல்லாம் என் கைப்பேசியின் நாட்காட்டியில் இருக்கின்றன. மருத்துவம் முழுவதும் மனைவியுடையது; தடுப்பூசி அட்டை எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அடுத்த ஊசி எப்போது என்று தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டியதும் இல்லை.

இதில் ஒரு சிறு விஷயம் நான் எதிர்பாராத அளவு மாற்றத்தை உண்டாக்கியது. பள்ளியின் படிவத்தில் முதல் தொடர்பு எண் என்ற கட்டம் ஒன்று இருக்கும். அதில் எப்போதும் தாயின் எண்ணைத்தான் எழுதிவிடுகிறோம். நான் பள்ளி அலுவலகத்துக்குப் போய் அந்தக் கட்டத்தில் இருந்த எண்ணை நீக்கச் சொல்லி என் எண்ணை எழுதிக்கொடுத்தேன். எழுத்தர், அம்மா ஊரில் இல்லையா என்று கேட்டார். அதன் பிறகும் இரண்டாவதாக இருந்த மனைவியின் எண்ணுக்கே அழைத்துக்கொண்டிருந்தார்கள். மனைவி ஒவ்வொரு முறையும், பிள்ளையின் அப்பாவை அழையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பிற்பகல் கூட்டத்தின் நடுவே, மகளுக்குக் காய்ச்சல், வந்து அழைத்துப் போங்கள் என்று என் கைப்பேசி ஒலித்தபோது, மனைவி இல்லையா என்று என் மேலாளரும் கேட்டார். இருக்கிறார், அவரும் கூட்டத்தில் இருக்கிறார் என்றேன். பெண்கள் இந்தக் கேள்வியை எதிர்கொள்வதில்லை. அவர்கள் எழுந்து போவது எல்லோருக்கும் இயல்பாகவே தெரிகிறது. ஆண்களும் எழுந்து போவது அலுவலகங்களுக்குப் பழக்கமானால்தான் உங்கள் முன் இருக்கும் இரண்டு வாய்ப்புகளின் தன்மையே மாறும்.

துறையை ஒப்படைத்த பிறகு நினைவூட்டாதீர்கள் என்பதை மட்டும் கூடுதலாகச் சொல்கிறேன். இது கடினம். மகள் ஒரு நாள் வரைபடத் தாள் இல்லாமல் பள்ளிக்குப் போகக்கூடும். போகட்டும். நீங்கள் நினைவூட்டினால் கண்காணிப்பு மீண்டும் உங்களிடமே வந்துவிடும், உங்கள் கணவர் வெறும் உதவியாளராகவே நின்றுவிடுவார்.


தனிவழி எழுதியது:

மேலே உள்ள பதில்கள் பயனுள்ளவை. ஆனால் எல்லாமே வீட்டில் இரண்டு பேர் இருப்பதாக எடுத்துக்கொண்டு எழுதப்பட்டவை. நான் தனியாக ஒரு மகனை வளர்க்கிறேன். ஒப்படைப்பதற்கு எனக்கு மறுபாதி இல்லை. இதைப் படிக்கும் என் போன்றவர்களுக்காகவும், மாலைவெயிலுக்காகவும் இரண்டு செய்திகள்.

சம்பளக் குறைப்பை மாதச் செலவோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். இனி வரும் ஊதிய உயர்வுகள் எல்லாம் குறைந்த தொகையின் மீதுதான் கணக்கிடப்படும். நாளை ஏதோ ஒரு காரணத்தால் நீங்கள் மட்டுமே சம்பாதிப்பவராக ஆக நேர்ந்தால் என்ன நிலை என்றும் ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். அபசகுனமாகச் சொல்லவில்லை, அந்தக் கணக்கைப் போட்டுவிட்டு வந்தவள் சொல்கிறேன்.

மற்றது, பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத நாட்கள். வாராவாரம் வரும் விடுமுறை நாளைவிட இதுதான் வேலைக்குப் போகும் பெற்றோரை வீழ்த்துகிறது. சிறு குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது மருத்துவர்கள் இயல்பென்று சொல்லும் அளவு; காப்பகத்துக்குப் போகும் குழந்தைக்கு இன்னும் கூடுதலாகவும் வரலாம். சுவீடனில் பிள்ளையின் நோய்க்காகப் பெற்றோருக்கு ஊதியத்துடன், ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 120 நாள் வரை விடுப்பு உண்டு. நம்மில் பலருக்கு அப்படி எதுவும் இல்லை. அப்படியிருக்க, எந்த நாளில் காய்ச்சல் வரும் என்று தெரியாத நிலையில், வாரத்தில் குறிப்பிட்ட ஒரு கிழமையை மட்டும் விடுமுறையாக வாங்குவதைவிட, ஆண்டில் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் கூடுதல் விடுப்பு நாட்களைக் கேட்டுப் பாருங்கள். அழைத்தால் வரக்கூடியவர்கள் என்று மூன்று பேரின் பெயர்களையும் வரிசைப்படுத்தி எழுதி வையுங்கள், அவர்களிடம் முன்கூட்டியே கேட்டும் வையுங்கள். காய்ச்சல் வந்த அன்று காலையில் கேட்டால் யாரும் கிடைக்க மாட்டார்கள்.


மாலைவெயில் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டாம்சாவி அவர்களின் பதிலைக் கணவரிடம் படிக்கக் கொடுத்தேன். நெடுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, பள்ளியை நான் எடுத்துக்கொள்கிறேன், அந்த வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்துவிடு என்றார். நீங்களே ஆசிரியரிடம் எண்ணைக் கொடுத்துச் சேர்ந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

தற்போது குழுத் தலைவராக இருப்பவரிடமும் பேசினேன். மாலை அழைப்புகளில் பெரும்பாலானவை, குறிப்பிட்ட ஒரு கோப்பைத் திறக்கும் அனுமதி அவருக்கு மட்டுமே இருப்பதால் வருபவை என்றார். இன்னொருவருக்கும் அந்த அனுமதியைக் கொடுக்கும்படி யாரும் இதுவரை கேட்டதில்லையாம். பதவியை ஏற்பதற்கு முன் இதை ஒரு நிபந்தனையாக வைக்க முடியுமா என்பதே இப்போது என் கேள்வி. அப்படி வைத்தால், பொறுப்பேற்கும் முன்பே தப்பிக்கப் பார்க்கிறாள் என்று நினைப்பார்களோ என்ற தயக்கமும் இருக்கிறது.


அரைநாள்விடுப்பு எழுதியது:

தாராளமாக வைக்கலாம். ஆனால் பிள்ளைகளைக் காரணம் காட்டி எழுதாதீர்கள். ஒரே ஒருவரிடம் மட்டும் அனுமதி இருப்பது நிறுவனத்துக்கு ஆபத்து, அவர் நோயுற்றாலோ விலகினாலோ வேலை நின்றுவிடும் என்று எழுதுங்கள். அது உண்மையும்கூட, எந்த மேலாளரும் எளிதில் மறுக்க முடியாத காரணமும்கூட. துணைத் தலைவர் ஒருவரின் பெயரையும், அவருக்கு அனுமதி வழங்கப்பட வேண்டிய தேதியையும் அதே கடிதத்தில் குறிப்பிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் பொறுப்பை மறுபரிசீலனை செய்ய ஒரு தேதியும், ஒத்துவராவிட்டால் இப்போதைய பணிக்கே திரும்பலாம் என்ற ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள். நான்கு நாள் வேலைக்கான உங்கள் பழைய விண்ணப்பத்தை இப்போதே திரும்பப் பெற வேண்டாம். இந்தக் கடிதத்துக்கு எழுத்தில் பதில் வரும் வரை அது நிலுவையிலேயே இருக்கட்டும்.